இருபது இலக்கங்களுக்குள் ஏழு பகா எண்கள்

2010 ஆகஸ்டில் உலகெங்கிலுமிருந்து கணிதவியலாளர்கள் ஹைதராபாத்தில் வந்து கூடினார்கள். 1897-இல் சூரிச் நகரில் தொடங்கிய உலகக் கணிதவியலாளர் மாநாடு பெரும்பாலும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. இந்தியாவில் அது நடந்தது அந்த ஆண்டுதான் முதன்முறை. நால்வருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. மாநாடு ஒன்பது நாட்கள் நடந்தது. உரைகளுக்கு நடுவே ஒருநாள் அரங்கில் நாற்பது சதுரங்கப் பலகைகளை வரிசையாகப் பரப்பினார்கள். அப்போதைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் நாற்பது பேரோடும் ஒரே நேரத்தில் ஆடினார். 39 ஆட்டங்களில் வென்றார். ஒரே ஓர் ஆட்டம் டிராவானது. எதிரே அமர்ந்திருந்தது 14 வயதுச் சிறுவன்.

கணிதமும் சதுரங்கமும் ஒரே கூரையின் கீழ் வந்தால் ஒரு குறிப்பிட்ட எண் நினைவுக்கு வராமல் இருக்காது. முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், 64 கட்டங்களிலும் சேர்ந்ததைக் கூட்டினால் வரும் எண் அது:

18446744073709551615.

நம் வழக்கப்படி கோடி போட்டுப் படித்தால், ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. மொத்தம் இருபது இலக்கங்கள்.

இந்தக் கதை நம் பக்கத்தில் கோயில் வரைக்கும் வந்திருக்கிறது. கேரளத்தின் அம்பலப்புழையில் கிருஷ்ணன் முனிவர் வேடத்தில் வந்து அரசனைச் சதுரங்கத்தில் தோற்கடித்தான் என்றும், பந்தயமாகக் கேட்ட அரிசியை அரசனால் அளந்து மாளவில்லை என்றும், அந்தக் கடனைத்தான் இன்றும் பால்பாயசமாகத் தினமும் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொல்வார்கள். ஓர் அரிசி சுமார் 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் கடன் 46,000 கோடி டன்னைத் தாண்டும். இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னை ஒட்டியது. அப்படியானால், உலகமே பட்டினி கிடந்து கொடுத்தாலும் தொள்ளாயிரம் ஆண்டுகள் பிடிக்கும்.

கதையை யார் சொன்னாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கேட்பவர் வாய் பிளந்ததும் கதை முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பெரிய எண்தான் வேண்டுமென்றால் கடைசியில் ஒரு பூஜ்ஜியத்தைச் சேர்த்தால் பத்து மடங்கு பெரியது கிடைத்துவிடும்; அதில் என்ன இருக்கிறது? இந்த எண்ணிடம் பார்க்க வேண்டியது அதன் பருமனை அல்ல, உள்ளே அது கட்டப்பட்டிருக்கும் விதத்தை.

முதலில், இந்தக் கூட்டுத்தொகையை எப்படிக் கண்டார்கள்? 64 எண்களையும் எழுதி ஒன்றன்கீழ் ஒன்றாகக் கூட்டத் தேவையில்லை. முதல் இரண்டு கட்டங்களில் 1, 2, கூட்டினால் 3. அடுத்த கட்டத்தில் இருப்பது 4. மூன்று கட்டங்களைக் கூட்டினால் 7. அடுத்ததில் 8. அதுவரை சேர்ந்ததெல்லாம் எப்போதும் அடுத்த கட்டத்தில் வரப்போவதற்கு ஒன்று குறைவாகவே இருக்கும். ஆகவே 64 கட்டங்களின் மொத்தம், பலகையில் இல்லாத 65-ஆம் கட்டத்தில் இருந்திருக்க வேண்டியதற்கு ஒன்று குறைவு. அதாவது 2⁶⁴ − 1.

அந்த 65-ஆம் கட்டத்துக்குப் போகக் குறுக்கு வழி ஒன்று உண்டு. ஏறத்தாழ ஆயிரமாவது ஆண்டில், இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே, அறிஞர் அல்பிரூனி தன் காலக்கணக்கு நூலில் இந்த மொத்தத்தைப் பிசகில்லாமல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். வழி, வர்க்கப்படுத்துவது. இரண்டாம் கட்டத்தில் இருக்கும் 2-ஐ வர்க்கப்படுத்தினால் 4. அது மூன்றாம் கட்டம். 4-ஐ வர்க்கப்படுத்தினால் 16. அது ஐந்தாம் கட்டம். 16-இன் வர்க்கம் 256; ஒன்பதாம் கட்டம். அதன் வர்க்கம் 65536, பதினேழாம் கட்டம். அதன் வர்க்கம் 4294967296. முப்பத்து மூன்றாம் கட்டம். இன்னும் ஒரே ஒரு பெருக்கல் போட்டால் 65-ஆம் கட்டத்தில் நிற்கிறோம்: 18446744073709551616. ஆறே பெருக்கல்கள். கையில் ஒரு தாளும் அரைமணி நேரமும் இருந்தால் நீங்களும் செய்துவிடலாம். கடைசிப் பெருக்கலுக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஏறிய இந்தப் படிகளில் இப்போது இறங்குவோம். ஒன்பதாம் வகுப்பில் எல்லோரும் எழுதிய ஒரு முற்றொருமை போதும்: அ² − 1 = (அ − 1)(அ + 1). நம் எண் ஒரு வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. ஆகவே அது உடனே இரண்டாக உடைகிறது: 4294967295 × 4294967297. இந்த இரண்டில் முதலாவதும் ஒரு வர்க்கத்துக்கு ஒன்று குறைவுதான். அது 65535 × 65537 என்று உடைகிறது. 65535 உடைந்து 255 × 257 ஆகிறது. 255 உடைந்து 15 × 17. 15 உடைந்து 3 × 5. அல்பிரூனியின் ஏணியில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு காரணி தானாகக் கழன்று கையில் விழுகிறது. கடைசியில் நிற்பது இது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297.

இருபது இலக்க எண் ஒன்றை யாராவது கொடுத்து, காரணிப்படுத்து என்றால் பொதுவாக நமக்கு மலைப்புதான் வரும். இதை ஒரு பள்ளி மாணவி ஐந்து வரிகளில் செய்துவிடுகிறாள்.

இந்த ஆறு எண்களையும் கணித உலகம் வேறொரு காரணத்துக்காக அறியும். 2-இன் அடுக்கில் மறுபடியும் 2-இன் அடுக்கை வைத்து, ஒன்றைக் கூட்டினால் வருபவை இவை. பிரெஞ்சு நீதிமன்றத்தில் பணியாற்றிக்கொண்டே கணிதம் செய்த பியேர் ஃபெர்மா, 1640-இல் எழுதிய கடிதத்தில் இந்த வரிசையில் வரும் எண்கள் அனைத்துமே பகா எண்கள் என்று தான் நம்புவதாகச் சொன்னார். முழு நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 3 பகா எண். 5, 17, 257, 65537 எல்லாமே பகா எண்கள். ஆறாவதான 4294967297-ஐ அந்தக் காலத்தில் யாரும் சோதித்து முடிக்கவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு அந்த நம்பிக்கை அப்படியே நின்றது.

1732-இல் ஆய்லர் அதைத் தகர்த்தார். 4294967297 என்பது 641 × 6700417.

நானூறு கோடிக்கு மேற்பட்ட ஓர் எண்ணில் 641-ஐ எப்படிப் பிடிப்பது? 3, 7, 11 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால் 641-க்கு முன்பு நூற்றுக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. ஆய்லர் கண்ட விதி அவற்றில் பெரும்பாலானவற்றை ஒதுக்கித் தள்ளிவிடுகிறது: இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும், 64-ஆல் வகுத்தால் 1 மீதி தர வேண்டும். 65, 129, 193, 257, 321 என்று 64 கூட்டிக்கொண்டே போனால், இடையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, பிறகு 641. ஐந்தாவது முயற்சியிலேயே கதவு திறந்துவிடுகிறது.

641 வகுக்கும் என்று தெரிந்துவிட்ட பிறகு, நீள்வகுத்தல் இல்லாமலே அதைக் காட்டும் வழி ஒன்று இருக்கிறது. இதை ஒருமுறை நிதானமாகப் பின்தொடர்ந்து பாருங்கள். எனக்குத் தெரிந்த மிக அழகான சிறு நிரூபணங்களில் இது ஒன்று. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 640 + 1. 640 என்பது 5 × 2⁷. இன்னொன்று, 625 + 16. அதாவது 5⁴ + 2⁴. இரண்டாவது வடிவத்தை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³² கிடைக்கும். 641-இன் மடங்கு என்பதால் அது 641-ஆல் வகுபடும். முதல் வடிவத்துக்கு வருவோம். 640-இன் நான்காம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால், அதே அ² − 1 முற்றொருமையை இருமுறை போட்டு, அது 640 + 1-ஆல் வகுபடும் என்று காணலாம். 640-இன் நான்காம் அடுக்கு என்பது 5⁴ × 2²⁸. ஆகவே 5⁴ × 2²⁸ − 1 என்பதும் 641-ஆல் வகுபடும். இரண்டும் வகுபட்டால் அவற்றின் வித்தியாசமும் வகுபட வேண்டும். கழித்துப் பாருங்கள்: 2³² + 1. அதுதான் 4294967297. எங்கேயும் ஒரு பெரிய எண்ணைத் தொடவே இல்லை.

இன்னொரு காரணியான 6700417 பகா எண்தான். ஆக, நெல்மணிகளின் மொத்தக் கணக்கு முழுவதுமாக விரிந்துவிட்டது:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417.

ஏழு பகா எண்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை. எதுவும் இரண்டாம் முறை வரவில்லை. இதனால் இந்த எண்ணுக்கு மொத்தம் எத்தனை வகுத்திகள் என்பதும் உடனே தெரிகிறது. ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்ளலாம் அல்லது விடலாம். இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. இரட்டிப்பில் பிறந்த எண்ணுக்கு வகுத்திகளின் எண்ணிக்கையும் இரட்டிப்பிலேயே வந்து நிற்கிறது.

ஏழில் 641-ஐயும் 6700417-ஐயும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சும் ஐந்துக்கு வேறொரு சிறப்பு உண்டு. 1796-இல், இன்னும் 19 வயது நிரம்பாத காஸ், அளவுக்குறியில்லாத அளவுகோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று காட்டினார். கிரேக்கர் காலத்துக்குப் பிறகு யாரும் எட்டாத இடம் அது. 17 மட்டுமல்ல, 257, 65537 பக்கங்களுக்கும் அதே வழி செல்லும். இந்த ஐந்து பகா எண்களைத் தவிர வேறொரு ஃபெர்மா பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகவே அப்படி வரையத்தக்கவை என்று நாம் அறிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியதன் பக்க எண்ணிக்கை, ஐந்தையும் பெருக்கி வரும் 4294967295. சதுரங்கப் பலகையின் முதல் 32 கட்டங்களில், சரியாகப் பாதிப் பலகையில், சேரும் நெல்மணிகளின் எண்ணிக்கையும் அதுவேதான்.

இனி நம் எண்ணின் அண்டை வீட்டுக்குப் போவோம். 18446744073709551615-க்கு அடுத்தது 2⁶⁴. அதில் பார்க்க ஒன்றுமில்லை, இரண்டு மட்டும்தான். அதற்கும் அடுத்தது 18446744073709551617. இதுவும் ஃபெர்மாவின் வரிசையில் வருவது. கடைசி இலக்கத்தில் மட்டும் வித்தியாசம், 5-க்குப் பதில் 7. ஆனால் முன்னதை உடைத்த முற்றொருமை இதனிடம் செல்லாது; கூட்டல் குறி வந்ததும் ஏணியே இல்லாமல் போய்விடுகிறது. நம் ஏழு பகா எண்களும் இங்கே உதவாது. இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 2. இரண்டையும் பொதுவாக வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும், இவையோ ஒற்றைப்படை. ஆகவே இந்த அண்டை எண்ணைக் கட்டியிருக்கும் பகா எண்கள் எல்லாமே புதியவை. இதே வாதத்தை மேலே மேலே கொண்டுபோனால் ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் முன்பு எங்கும் வராத பகா எண்ணைத் தந்தே தீர வேண்டும். பகா எண்களுக்கு முடிவில்லை என்பதற்கு இதுவும் ஒரு நிரூபணம்.

அந்தப் புதியவை எவை என்று 1880-இல் உலகத்துக்குச் சொன்னவர் பிரான்சின் ஃபோர்த்துனே லாந்த்ரி. வயது 82. பல மாதங்கள் கையால் கணக்குப் போட்டு 274177 × 67280421310721 என்று கண்டார். தாமஸ் கிளௌசன் என்பவர் 1855-இலேயே இதைக் கண்டு காஸுக்குக் கடிதத்தில் எழுதியிருந்தார் என்பது நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. மைனஸ் ஒன்றுக்கு ஐந்து வரி. பிளஸ் ஒன்றுக்கு ஒரு முதியவரின் பல மாத உழைப்பு. நேர்க்கோட்டில் இரண்டே இரண்டு புள்ளி தள்ளி நிற்கும் எண்களுக்கு இடையே இவ்வளவு தூரம். ஓர் எண்ணின் குணம் அதன் பருமனில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் கண்டதில்லை.

இந்த ஃபெர்மா எண்களின் காரணிகளைத் தேடியவர்களில் இன்னொரு பிரெஞ்சுக்காரர் எதுவார் லூகா. ஆய்லரின் விதியை அவர் இன்னும் கூர்மையாக்கினார். 64-க்குப் பதில் 128. அதன்படி 641-க்கு முன் சோதிக்க வேண்டிய பகா எண் 257 ஒன்றுதான். அதே லூகாதான் 1883-இல் ஹனோய் கோபுரம் என்ற விளையாட்டை வெளியிட்டார். காசிக் கோயிலில் 64 பொன் வட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்ற கற்பனைக் கதையும் அதனுடன் பரவியது. பெரிய வட்டைச் சிறியதன் மேல் வைக்கக் கூடாது. மாற்றி முடிக்கக் குறைந்தபட்சம் எத்தனை நகர்த்தல்கள்? அதே 18446744073709551615. நொடிக்கு ஒன்றாக நகர்த்தினால் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல்; பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான்.

ஹைதராபாத் மாநாடு நடந்த இடம் ஹைடெக் சிட்டியை ஒட்டியது. அங்கே சைபர் டவர்ஸ் வளாகம் 1998-இல் திறக்கப்பட்டதிலிருந்து அந்தப் பகுதியில் மென்பொருள் எழுதுகிறவர்களின் கூட்டம் பெருகிக்கொண்டே வந்திருக்கிறது. அவர்களுக்கு நம் எண் கதையில் வருவதல்ல, தினமும் கையாள்வது. 64 பிட் கணினியில் குறியில்லாத முழு எண்ணுக்கு இடப்பட்ட உச்சவரம்பு அது. 64 இடங்களிலும் 1, 1, 1 என்றே நிரம்பியிருக்கும் நிலை. இன்னும் ஒன்றைக் கூட்டினால் எல்லாம் கவிழ்ந்து பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். எதிர்மறை எண்களுக்கும் இடம் ஒதுக்கினால் வரம்பு பாதியாகும். 2014 டிசம்பரில் ‘கங்னம் ஸ்டைல்’ பாடலின் பார்வைகள் 32 பிட்டின் வரம்பான 2147483647-ஐத் தாண்டியபோது யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியதாக அறிவித்தது. புதிய வரம்பு 9223372036854775807. அதை எந்தப் பாடலும் எட்டப்போவதில்லை. நொடிக்கு நூறு கோடி என்று எண்ணினால்கூட முழு 64 பிட் வரம்பை அடைய 584 ஆண்டுகள் ஆகும்.

இரும வடிவில் எழுதியதும் நாம் முன்பு கண்ட காரணிகள் கண்ணுக்கே தெரியத் தொடங்குகின்றன. பத்தடிமானத்தில் 1111 என்பது 11 × 101 என்று பார்த்தவுடன் சொல்லிவிடுகிறோம். 11111111 என்பது 1111 × 10001. இரும எண்களிலும் அச்சு அசலாக இதுவே நடக்கிறது. 11 என்றால் 3. 101 என்றால் 5. 10001 என்றால் 17. 64 ஒன்றுகள் கொண்ட சரத்தை நடுவில் வெட்டினால் 32 ஒன்றுகள் கொண்ட இரு துண்டுகள். அதையும் வெட்டினால் 16. பிறகு 8, 4, 2. ஒவ்வொரு வெட்டும் ஒரு ஃபெர்மா எண். ஆனால் 641-ஐ மட்டும் இந்த வெட்டுகளில் காண முடியாது. அதற்கு ஆய்லர்தான் வர வேண்டியிருந்தது.

ஓர் எண் பகா எண்ணா என்று அறிவது வேறு. பகு எண்ணாக இருந்தால் அதன் காரணிகளைக் காண்பது வேறு. 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும், எந்த எண்ணானாலும் அது பகா எண்ணா என்பதை விரைவாக, ஐயமில்லாமல் முடிவு செய்யும் வழிமுறை உண்டு என்று நிரூபித்து உலகை வியக்க வைத்தார்கள். காரணிகளைக் காணும் பக்கத்தில் அப்படியொரு வெளிச்சம் இன்னும் விழவில்லை. இணையத்தில் நம் கடவுச்சொற்களும் வங்கிக் கணக்குகளும் பத்திரமாக இருப்பதில் இந்தக் கடினத்துக்கும் பங்கு உண்டு.

நம் எண்ணை அதன் அண்டை எண்ணால் பெருக்கினால் 2¹²⁸ − 1 கிடைக்கும். லாந்த்ரியின் இரண்டு பகா எண்களைச் சேர்த்துக்கொண்டால் அதுவும் ஒன்பது பகா எண்களாக விரிந்துவிடுகிறது. அதற்கு மேல் போக அடுத்த ஃபெர்மா எண் உடைய வேண்டும். 39 இலக்கங்கள் கொண்ட அதை 1970-இல் மைக்கேல் மோரிசனும் ஜான் பிரில்ஹார்ட்டும் கணினியால் உடைத்தார்கள். இப்படியே ஒவ்வொரு படியாக ஏறி, 1995-இல் ரிச்சர்ட் பிரென்ட், 3-ஐப் பூஜ்ஜியமாவதாக வைத்து எண்ணினால் பத்தாவதாக வரும் எண்ணை முடித்தபோது (பதினொன்றாம் எண் அதற்கு முன்பே 1988-இல் முடிந்திருந்தது) 2⁴⁰⁹⁶ − 1 வரை முழுவதும் திறந்துவிட்டது. அடுத்த படி, பன்னிரண்டாம் ஃபெர்மா எண், 1,234 இலக்கங்கள். அதன் முதல் காரணி 114689, 1877-இலேயே கிடைத்தது. கண்டவர்கள் லூகாவும் ரஷ்யப் பாதிரியார் இவான் பெர்வூஷினும். ஆறாவது காரணி 54 இலக்கங்கள் கொண்டது. அது கிடைத்தது 2010 மார்ச்சில், ஹைதராபாத்தில் மாநாடு கூடுவதற்கு ஐந்து மாதங்கள் முன்பு. ஆறையும் வகுத்தெடுத்த பிறகு மிஞ்சி நிற்பது 1,133 இலக்க எண் ஒன்று. அது பகா எண் அல்ல என்று உறுதியாகத் தெரியும். அதை வகுக்கும் ஒரு பகா எண்கூட இதுவரை யார் கைக்கும் கிடைக்கவில்லை.